இரும்புக்குக் கட்டுப் போட்ட கதை

ஸ்கிராப்பரை ஓரத்தில் நுழைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். மூன்றாவது தட்டில் அது முழுசாகக் கிளம்பிவிட்டது. ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், 11 மி.மீ. தடிமன் கொண்ட பலகை; கார்பன் ஃபைபர் துணியை ரெசின் என்ற பசையில் தோய்த்து அடுக்கடுக்காக இறுக்கியது. பழைய வீட்டுச் சுவரிலிருந்து காரை பெயர்வதைப் போல, கப்பலின் டெக்கிலிருந்து, அதாவது மேல்தளத்து இரும்புத் தகட்டிலிருந்து, பெயர்ந்து வந்தது. நானே ஒட்டியது, நானே கையெழுத்துப் போட்டது. ஒட்டி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு பேராகத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். துணியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ரெசின் கல்லாக இறுகியிருந்தது. அடிப்பக்கம் மட்டும் டெக்கின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. இரும்பில் எங்கெல்லாம் அரிப்புக் குழி இருந்ததோ, அங்கெல்லாம் பலகையில் ஒரு பரு. ஒவ்வொரு பருவின் நுனியிலும் பழுப்பு நிறத் தூள். விரலால் தடவினால் ஒட்டிக்கொண்டு வந்தது.

துணி கெடவில்லை, ரெசின் கெடவில்லை. பிடிமானம்தான் போயிருந்தது. இந்தத் தொழிலில் எனக்குப் புத்தி வந்தது அந்தத் தூளைப் பார்த்த பிறகுதான்.

வளைகுடாவில் பதினோரு வருடம் இந்த வேலை பார்த்தேன். துருப்பிடித்து மெலிந்த குழாய், தொட்டி, பிளாட்ஃபாரக் கால், கப்பல் டெக் ஆகியவற்றுக்கு வெல்டிங் இல்லாமல் ஃபைபர் துணியும் எப்பாக்ஸி ரெசினும் வைத்துப் பலம் கொடுக்கும் வேலை. வெல்டர்கள் எங்களைப் 'பேண்டேஜ் கம்பெனி' என்பார்கள். 'இன்னைக்கு யாருக்குக் கட்டுப் போடப் போறீங்க?' என்பது காலை டீ நேரத்து வழக்கமான கிண்டல். கோபம் வராது. எங்கள் வேலையை விளக்க அதைவிட நல்ல வார்த்தை எனக்கும் கிடைத்ததில்லை.

மேலே சொன்ன டெக் ஒரு பழைய டேங்கர் கப்பலுடையது. எண்ணெய் சேமிக்கும் மிதக்கும் கிடங்காக அதை மாற்றி, கரையிலிருந்து வெகுதூரத்தில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். டெக் பிளேட் புதிதில் 16 மி.மீ. நாங்கள் போனபோது சில இடங்களில் 10 மி.மீ.தான் மிச்சம். 'வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டியதுதானே' என்று யாருக்கும் தோன்றும். அந்தத் தகட்டுக்கு நேர் கீழே கச்சா எண்ணெய்த் தொட்டி. வெல்டிங் பொறி பறக்க வேண்டுமென்றால் தொட்டியைக் காலி செய்து, கழுவி, ஆவி போக்கி, வாயு இல்லையென்று சோதித்து, பக்கத்துத் தொட்டிகளையும் பாதுகாப்பாக்க வேண்டும். அத்தனை நாளும் கிணறுகளிலிருந்து வரும் எண்ணெய்க்கு இடம் தேட வேண்டும். ஒரு கதவளவு தகடு மாற்ற மொத்த உற்பத்தியும் கைகட்டி நிற்கும். அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுது பார்க்கும் அடுத்த உலர்துறை வரை தாங்கினால் போதும் என்பதுதான் பேச்சு.

குழாய் வேலையிலிருந்து இதற்கு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் கணக்கு. குழாய்க்குக் கண்ணாடி ஃபைபரைச் சுற்றுகிறோம், போதுமானதாக இருக்கிறது. உள் அழுத்தத்தில் குழாய் வெடிக்காமல் பிடித்துக்கொண்டால் அங்கே பெரும்பாலும் வேலை முடிந்தது. ஐஎஸ்ஓ 24817 என்ற தரநூல் அந்த வேலைக்கு நன்றாகவே வழி சொல்கிறது. டெக் பிளேட் அப்படியில்லை. அலையில் கப்பல் வளையும்போது டெக்கும் சேர்ந்து நீள்கிறது, சுருங்குகிறது. அதில் பங்கெடுக்க நாம் ஒட்டும் பொருளுக்கு இரும்பின் விறைப்பு வேண்டும். இரும்பின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல். கண்ணாடித் துணியும் ரெசினும் சேர்ந்த தகட்டுக்கு 20 வந்தாலே பெரிது. அப்படியென்றால் போன 6 மி.மீ. இரும்புக்கு ஈடாக 60 மி.மீ. கண்ணாடி ஃபைபர் போட வேண்டும், கிட்டத்தட்ட ஒரு செங்கல் உயரம். ஒரே திசையில் ஓடும் கார்பன் இழை கையால் ஒட்டினாலும் 100-க்கு மேல் வரும். அதனால் 11, 12 மி.மீ.யில் முடிகிறது. விலை கண்ணைக் கட்டும், ஆனால் வேறு வழியில்லை.

இதெல்லாம் ஏதோ நேற்று வந்த வித்தை என்று நினைத்துத்தான் பயிற்சி வகுப்புக்குப் போனேன். விமானத் தகட்டு விரிசலுக்கு போரான் ஃபைபர் ஒட்டுப் போடுவதை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆலன் பேக்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1970-களிலேயே தொடங்கிவிட்டார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. இங்கிலாந்தில் 1810-இல் கட்டிய டிக்ஃபோர்டு வார்ப்பிரும்புப் பாலத்துக்கு 1999-இல் கார்பன் துணி ஒட்டிப் பலம் கொடுத்திருக்கிறார்கள். வண்டி இன்னும் ஓடுகிறது. கப்பல், கடல்மேடை போன்ற எஃகுக் கட்டமைப்புகளுக்கென்று டிஎன்வி என்ற கப்பல் தரச்சான்று நிறுவனம் தனியாக ஒரு நடைமுறை நூல் வெளியிட்டது 2012-இல். வகுப்பு முடிந்து சான்றிதழோடு வந்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைப்பு.

சரி, அந்த முதல் ஒட்டு எப்படிக் கெட்டது?

கிரிட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் கூர்த்துகளை அடித்து இரும்பைச் சுத்தம் செய்வதாகத்தான் திட்டம். உலர்ந்த துகள் இரும்பில் அடித்தால் பொறி வரும், நிலைமின்சாரமும் சேரும் என்று அதற்கான பர்மிட் இழுத்துக்கொண்டே போனது. கரைக்குத் திரும்ப ஹெலிகாப்டர் சீட் வெள்ளிக்கிழமைக்குப் பதிவாகியிருந்தது. புதன்கிழமை காலை நான் ஒரு முடிவெடுத்தேன். கையில் பிடித்து ஓட்டும் காற்று கிரைண்டருக்குப் பர்மிட் இருந்தது, அதை வைத்தே சுத்தம் செய்துவிடலாம் என்றேன். மதியத்துக்குள் டெக் வெள்ளிக் கிண்ணம் போல மின்னியது. ஃபோட்டோவில் அருமையாக வந்தது.

எங்கள் ஃபோர்மேன் தூத்துக்குடிக்காரர். வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மினுக்குதே தவிர சுத்தமாகல தம்பி. குழிக்குள்ள கறுப்பா இருக்கு பாரும்" என்றார். "அது நிழல் அண்ணாச்சி" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. சொல்ல வேண்டியதை ஒரு முறைதான் சொல்வார்.

அது நிழல் இல்லை. அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்த இரும்பில் கிரைண்டர் மேடுகளை மட்டும்தான் தொடும். மேடு வழவழப்பாகிவிடும், ரெசின் பிடிக்க அங்கே சொரசொரப்பு இருக்காது. குழிக்குள் பழைய துருவும் கடல் உப்பும் அப்படியே கிடக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும் பொருள். எப்பாக்ஸிக்குள்ளும் ஈரம் மெல்ல மெல்ல ஊடுருவத்தான் செய்யும். உப்பிருக்கும் இடத்தில் அது வந்து சேர்ந்ததும் அடியிலிருந்து துரு மறுபடி கிளம்பும். எட்டு மாதத்தில் அந்தப் பருக்களை வளர்த்தது அதுதான்.

இரண்டாம் முறை போனபோது பர்மிட் வந்த பிறகுதான் ஹெலிகாப்டருக்குப் பெயர் கொடுத்தேன். முதலில் நல்ல தண்ணீரை உயர் அழுத்தத்தில் அடித்துக் கழுவினோம். காயவிட்டோம். பிறகு பிளாஸ்டிங், எஸ்ஏ 2½ என்ற, ஏறக்குறைய வெறும் இரும்பு தெரியும் சுத்தத் தரத்துக்கு. அடித்து முடித்து ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். குழிகளைச் சுற்றி மட்டும் ஆரஞ்சு வளையம் பூத்தது. உப்பு இன்னும் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தாலும் பிரெஸ்லே ஒட்டுச் சோதனையும் செய்தோம். தோலில் பிளாஸ்திரி ஒட்டுவது போல ஒரு சிறு பையை இரும்பில் ஒட்டி, ஊசியால் உப்பில்லாத தண்ணீரை ஏற்றி, இழுத்து, அதன் மின்கடத்தலை அளப்பது. சதுர மீட்டருக்கு 110 மில்லிகிராம் காட்டியது. கப்பல் நிலைகுலையாமல் இருக்கக் கடல்நீர் நிரப்பும் பல்லாஸ்ட் தொட்டியில் பெயின்ட் அடிப்பதற்கே சர்வதேச விதி 50-க்கு மேல் விடாது. மறுபடி கழுவினோம், மறுபடி அடித்தோம். மூன்றாம் சுற்றில்தான் 30-க்கு வந்தது. சொரசொரப்பை நாடாவில் அச்செடுத்து அளந்தால் 80 மைக்ரான். அந்த டெக் மின்னவே இல்லை, சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அதுதான் சரியான நிறம்.

இப்போது ஒட்டலாமா என்றால் வளைகுடாவின் காற்று விடாது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இங்கே வெயில்தான் எதிரி என்று நினைப்பு. நான் பயந்தது இரவுக்கு. பகலில் டெக் 60 டிகிரியைத் தாண்டும் என்பதால் ராத்திரி ஷிஃப்டில் ஒட்டலாம் என்று திட்டம் போட்டோம். விடியற்காலை 3 மணி. காற்றின் வெப்பம் 34, ஈரப்பதம் 75 சதவீதம். 85-க்குக் கீழே இருந்தால் போதும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். பையன்கள் ரெசின் டின்னைத் திறக்கப் போனார்கள். அண்ணாச்சி புறங்கையை டெக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இரும்பு வேர்க்கப் போகுது" என்றார்.

தொட்டுப் பார்த்தேன், ஈரமே தெரியவில்லை. மீட்டரை வைத்தேன். அந்தக் காற்றுக்குப் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், 29 டிகிரி. இரும்பின் வெப்பம் 30.5. இடைவெளி ஒன்றரை டிகிரிதான். குறைந்தது 3 டிகிரியாவது இருக்க வேண்டும். திறந்த டெக் ராத்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டே காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றை மட்டும் அளந்தவனுக்கு அது தெரியாது. நாலரை மணிக்கு டெக் முழுக்க முத்து முத்தாக நீர். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் மறுபடி பிளாஸ்டிங்குக்குப் போனோம்.

கடைசியில் தார்ப்பாயால் கூடாரம் கட்டி, பாதுகாப்பான பகுதியிலிருந்து உலர்ந்த காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தோம். சாதாரண மின்சார டீஹியூமிடிஃபையரை எண்ணெய்த் தொட்டி மேல் வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. கூடாரத்துக்குள் காலை ஏழு மணியிலிருந்து பத்து வரை நல்ல நேரம். வெயில் ஏறி இரும்பு பனிநிலையைத் தாண்டியிருக்கும், ரெசின் கையில் கொதிக்கும் அளவுக்குச் சூடும் ஏறியிருக்காது. அன்றிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை நான்கு அளவும் எழுதுவோம்: காற்றின் வெப்பம், ஈரப்பதம், பனிநிலை, இரும்பின் வெப்பம். இதில் கடைசியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ரெசின் கலப்பதில் ஒரு சம்பவம். நாகப்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். கை நல்ல சுத்தம், ரோலர் பிடிக்கும்போதே தெரிந்தது. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையெல்லாம் ஃபைபர் படகு பெருகியதே, அப்படி ஒரு படகுப் பட்டறையில் வளர்ந்தவன். ஒருநாள் அவன் கலந்த மாதிரித் துண்டு மட்டும் மறுநாளும் ரப்பர் போல வளைந்தது. கூப்பிட்டுக் கேட்டால், "சீக்கிரம் இறுகட்டும்னு கொஞ்சம் சேத்து ஊத்துனேண்ணே" என்றான்.

அவன் தொழிலில் அது தப்பில்லை. படகுக்கு உபயோகிப்பது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஒன்றிரண்டு சதவீதம் ஊற்றும் கேட்டலிஸ்ட் வெறும் தூண்டுகோல். கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எப்பாக்ஸியின் ஹார்டனர் தூண்டுகோல் அல்ல, பாதிப் பொருளே அதுதான். ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறும் அதோடு கைகோத்தால்தான் இறுக்கம். கூடினால் கைகோக்க ஆளில்லாமல் மிச்சம் நிற்கும், எத்தனை நாள் ஆனாலும் முழுப் பலம் வராது. அவனைத் திட்டவில்லை. தராசை அவன் பொறுப்பிலேயே விட்டேன். அதன்பின் அவனைத் தாண்டி ஒரு கிராம் கூடியதில்லை.

இன்னொன்று, வாளி நிறையக் கலக்காதீர்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேலை செய்யும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் என்று டின்னில் போட்டிருந்தால், 45-இல் பத்து நிமிடம்தான். வாளியில் குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாகக் கொதிக்கும். ஒருமுறை புகைந்த வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சின்னச் சின்னதாகக் கலந்து, உடனே துணிமேல் பரப்பிவிட வேண்டும்.

ஒட்டும் கதை இதற்கெல்லாம் பிறகு சுருக்கம்தான். முதலில் குழிகளை எப்பாக்ஸி புட்டியால் நிரப்பி மட்டம் செய்ய வேண்டும். அடுத்து ஒரு அடுக்கு கண்ணாடித் துணி, கட்டாயம். கார்பன் மின்சாரம் கடத்தும். உப்புத்தண்ணீர் இருக்கும் இடத்தில் அது இரும்பைத் தொட்டால் இரும்பைத்தான் தின்னும். பலம் கொடுக்கப் போய் பேட்டரி செய்துவிட்டு வரக்கூடாது. அதன்மேல் கார்பன், இழைகள் பெரும்பாலும் கப்பலின் நீளவாக்கில். எங்கள் துணி ஓர் அடுக்கு அரை மி.மீ. வரும். ஒவ்வோர் அடுக்கையும் கீழ் அடுக்கைவிட எல்லாப் பக்கமும் 10 மி.மீ. குறைத்துக்கொண்டே போனோம். ஓரம் படிக்கட்டாகச் சரிய வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் பெயர்க்கும் விசை முழுக்க ஓரத்தில் சேரும், அங்கேதான் முதலில் வாய் பிளக்கும். எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போடாமல் இரண்டு நாளாகப் பிரித்தோம். ஈரக் காற்றில் எப்பாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். முதல்நாள் கடைசியில் உரிதுணி ஒன்றை ஒட்டிவைத்து மறுநாள் உரித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், புதுச் சொரசொரப்பும் கிடைக்கும்.

ஒட்டும்போது கப்பல் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது அவசியம். நான் முதல்முறை கேட்கவில்லை. ஒட்டு இறுகும் நேரத்தில் இரும்பு ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் பாரத்தில் ஒட்டுக்குப் பங்கில்லை. அதற்குப் பிறகு கூடுவதில்தான் பங்கு. தொட்டிகளில் எண்ணெய் ஏறி இறங்குவதைப் பொறுத்து டெக் இழுபடும் அளவு மாறும். இரண்டாம்முறை சரக்கு அதிகாரியிடம் பேசி, டெக்கில் பாரம் குறைவாக இருக்கும் நாட்களை வாங்கிக்கொண்டோம். இதேபோல, வெந்துகிடக்கும் இரும்பில் ஒட்டை இறுக விடுவதும் நல்லதல்ல. ராத்திரி இரும்பு சுருங்கும், கார்பன் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. அந்த இழுபறி ஒவ்வொரு நாளும் நடக்கும். கூடாரம் நிழலுக்காகவும் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

இறுகிய பிறகு கடினத்தை ஷோர் டி மீட்டரில் பார்த்தோம். ஒட்டிய அதே நேரத்தில், அதே ஆட்கள், அதே ரெசினில் பக்கத்தில் ஒரு சாட்சித் தகடும் செய்து வைத்திருந்தோம். அதில் இழுத்துப் பிய்க்கும் சோதனை செய்தோம். எண்ணைவிட, எங்கே பிய்ந்தது என்று பார்ப்பது முக்கியம். இரும்பு வெறுமையாகத் தெரிந்தால் கதை முதல் முறை மாதிரிதான். இந்தமுறை ஃபைபர் கிழிந்தது, இரும்பு வெளியே தெரியவே இல்லை. அப்புறம் ஒரு திர்ஹாம் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினோம். ஒட்டியிருக்கும் இடம் 'டிக்' என்று இறுக்கமாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே வெற்றிடமிருந்தால் 'டொக்' என்று அடங்கிக் கேட்கும். நம் ஊரில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதேதான். ஒரு மூலையில் உள்ளங்கையளவு 'டொக்' கேட்டது. வட்டம் போட்டு, தேதி எழுதி வைத்தோம். அடுத்தடுத்த வருகையில் அது வளரவில்லை.

எல்லாவற்றுக்கும் இதைப் போடலாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். நான் பலமுறை மறுத்திருக்கிறேன், ஆர்டர் போனதுண்டு. துரு உள்பக்கமிருந்து தின்றுகொண்டிருந்தால் வெளியே ஒட்டுவதால் அது நிற்காது. அந்த வேகத்தையும் கணக்கில் சேர்க்காமல் ஒட்டுவது கண்துடைப்பு. தீத்தடுப்புச் சுவராக எண்ணப்படும் இடத்தில் தனிப் பாதுகாப்பு இல்லாமல் எப்பாக்ஸியை நம்பவே கூடாது. ரெசின் இளகும் வெப்பநிலைக்கும் இரும்பு வேலை செய்யும் வெப்பத்துக்கும் 20 டிகிரியாவது இடைவெளி வேண்டும். நீராவிக் குழாய் பக்கம் போகும்போது இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொரு கேள்வியை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் கேட்டுக்கொள்வேன். இந்த ஒட்டு இன்று ராத்திரி முழுசாகப் பெயர்ந்து போனால் என்ன ஆகும்? 'கொஞ்சம் வளையும், மறுபடி ஒட்டலாம்' என்றால் செய்வேன். 'ஆள் போய்விடும்' என்றால், தொட்டியைக் காலி செய்து வெல்டரைக் கூப்பிடுங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தக் கப்பல் நாலு வருடம் கழித்து உலர்துறைக்குப் போனது. துருப்பிடித்த டெக்கையெல்லாம் வெட்டிப் புதுத்தகடு வைத்தார்கள். எங்கள் ஒட்டு இருந்த பகுதியும் அதில் அடக்கம். அங்கே வேலை பார்த்த வெல்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். கார்பன் மேல் கட்டிங் டார்ச்சை வைத்தால் கரும்புகை மண்டுகிறது, அதனால் ஒட்டைப் பெயர்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். உளியும் கிரைண்டருமாக மூன்று பேர் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் செய்தார். எடுத்ததும் வணக்கம்கூட இல்லை.

"யோவ், பேண்டேஜு! என்னத்தய்யா வச்சு ஒட்டித் தொலைச்சீங்க?"

அண்ணாச்சி அப்போது ஊரில் இருந்தார், ஓய்வு பெற்று. நம்பரைத் தேடி எடுத்து அவருக்கு ஃபோன் போட்டேன்.